நிலத்துக்கடியில் படம் பிழைத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

யாழ்ப்பாணத்தில் ஆழச் சுரங்கம் கிடையாது. மெல்லிய செம்மண், அதற்குக் கீழே மயோசீன் காலச் சுண்ணக்கல். கொஞ்சம் தோண்டினால் நன்னீர், விடாமல் தோண்டினால் உவர்நீர். நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், கீழே உப்புநீர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இலிருந்து 1990 வரை கல்லெடுத்த இடங்களும் வானம் பார்த்த குழிகள்தான். அதனால் எங்கள் பெடியள் கெருடாவில் ஊர்ப் பக்கத்துச் சுண்ணக்கல் குகைகளில் படம் எடுத்துக் கைபழகிவிட்டு, பிறகு பஸ் ஏறி குருநாகல், கேகாலைப் பக்கம் கைவிடப்பட்ட காரீயச் சுரங்கங்களுக்குப் போகிறார்கள். பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயம், கிராபைட்டு. போகலவிலும் கஹட்டகஹவிலும் இன்றைக்கும் வேலை நடக்கிறது. ஆனால் முதலாம் உலகப் போர்க் காலத்தில் விலை ஏறியபோது அவசரமாக வெட்டி, போர் முடிந்து விலை விழுந்ததும் அப்படியே விட்டுப்போன குழிகள் அந்தப் பக்கம் நிறைய.

போய்வந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, கமெரா பழுதாப் போச்சுப் போல, ஒருக்காப் பாருங்கோ." வாங்கிப் பார்த்தால் கமெராவில் ஒரு பிழையும் இருக்காது. பிழை அங்கே இருந்த காற்றில், சுவரில், தண்ணீரில் இருக்கும். கமெரா அதைக் காட்டிக்கொடுத்திருக்கும், அவ்வளவுதான். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிரச்சினையை நேரே தேடிப் போகலாம், முதலாவதை மட்டும் தாண்டாதீர்கள். அது படத்தைப் பற்றியது அல்ல.

தலை இடிக்குது, மூச்சு வாங்குது, சின்ன வேலைக்கும் எரிச்சல் வருது

முக்காலியை மடிக்க வேண்டாம், பையைத் தேட வேண்டாம். வந்த வழியே வெளியே வாருங்கள். காரணத்தை வெளியில் இருந்து யோசிக்கலாம்.

சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். 19.5 க்குக் கீழே போனாலே வாயு மானி கத்தத் தொடங்கும். பழைய சுரங்கத்தில் ஒட்சிசனைத் தின்பதற்கு ஆட்கள் தேவையில்லை. முட்டுக்கொடுத்த மரம் உக்கும்போது தின்னும். காரீயத்தோடு சேர்ந்து கிடக்கும் பைரைற்று என்ற இரும்புக் கந்தகக் கல் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும்போதும் தின்னும். சுவரடியில் செம்மஞ்சளாகத் தண்ணீர் வடிந்திருந்தால் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நீர் அமிலத்தன்மையானது, முக்காலியின் அலுமினியக் காலையும் அரிக்கும். மற்றது காபனீரொட்சைட்டு. காற்றைவிடப் பாரமானது, பள்ளத்தில் தேங்கும். நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கீழிருந்து படம் எடுக்கக் குந்தினவுடன் மூச்சு வாங்கும். இந்த வாயு 3, 4 வீதம் இருந்தாலே தலையிடியும் வேகமூச்சும் வரும்.

"மெழுகுதிரி கொளுத்திப் பார்த்தோம், நல்லா எரிஞ்சுது" என்பார்கள். மெழுகுதிரி ஒட்சிசன் ஏறத்தாழ 16, 17 வீதத்துக்கு இறங்கிய பிறகுதான் அணையும். அதற்கு முன்பே உங்கள் புத்தி மந்தமாகத் தொடங்கிவிடும். காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் சுவாலை அசையாமல் எரியும். கிணறு இறைக்கிற மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே புத்தியோடு, பெரிய விளக்குக்கு மின்சாரம் வேண்டும் என்று ஜெனரேற்றரைச் சுரங்க வாசலுக்குக் கிட்ட வைப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

தேங்கிய தண்ணீரைக் கலக்கினால் கூழ்முட்டை நாற்றம் வரலாம். அது ஐதரசன் சல்பைட்டு. நாற்றம் நின்றுவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். பத்து இலட்சத்துக்கு 100 பங்கு அளவில் இருந்தாலே மூக்கு மரத்து மணம் தெரியாமல் போய்விடும்.

நான்கு வாயு மானி ஒன்று இரவலாகவோ வாடகைக்கோ எடுத்தாவது கொண்டு போங்கள். அது வழக்கமாக ஒட்சிசன், காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு, எரியக்கூடிய வாயு ஆகியவற்றைக் காட்டும். காபனீரொட்சைட்டைக் காட்டாது. அதனால் மானி பேசாமல் இருந்தாலும் தலை இடித்தால் தலையை நம்புங்கள்.

போகிற நாளையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். வெளியில் காற்றழுத்தம் இறங்கும்போது அடைபட்ட பக்கங்களில் கிடக்கும் கெட்ட காற்று நடைபாதைக்குக் கசிந்து வரும். எங்கள் வலயத்தில் அழுத்தம் காலை 10 மணியளவில் உச்சம், பின்னேரம் 4 மணியளவில் தாழ்வு. பின்னேர வெளிச்சம் வாசலில் அழகாக விழும் என்று 4 மணிக்கு உள்ளே போகத் திட்டம் போடுவது அவ்வளவு நல்ல யோசனை அல்ல. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்கிற கிழமையில் போகவே வேண்டாம். அந்தக் கிழமை மழையும் உள்ளே இறங்கும்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், தூக்க ஓடுகிற இரண்டாமவரும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார். ஓடாதீர்கள். வெளியில் ஒருவர், திரும்பி வரவேண்டிய நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு, போன் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நிற்க வேண்டும். அம்புலன்ஸ் இலக்கமான 1990 க்கு அடிக்க வேண்டியவர் அவர்.

படம் முழுக்க வெள்ளையாய் மங்கலாய் வருது

லென்ஸின் முன்கண்ணாடியில் ரோச் அடித்துப் பாருங்கள். பனித்திருந்தால் கமெரா அங்கத்தைய காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. வானில் ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டு மூன்று, நாலு மணித்தியாலம் போனால் வேறென்ன நடக்கும்? சுரங்கக் காற்று ஈரம் நிறைந்தது. ஆழம் கூடக்கூடச் சூடும் கூடும், கிலோமீற்றருக்கு 25 தொடக்கம் 30 பாகை அளவில். குளிர்ந்த கண்ணாடி அங்கே போனவுடன் வியர்க்கும்.

துடைத்தால் திரும்பப் பனிக்கும். துடைக்க வேண்டாம். இறங்குவதற்கு அரை மணித்தியாலம் முன்பே ஏசியை நிற்பாட்டி, கமெராவைச் சிப்பர் வைத்த பொலித்தீன் பைக்குள் காற்றை அமுக்கி மூடி, பையோடு உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். பனிக்கிறதாக இருந்தால் பைக்கு வெளியே பனிக்கட்டும். பையைத் தொட்டுப் பார்த்து உள்ளங்கைக்குக் குளிராமல் இருந்தால் எடுக்கலாம்.

முன்பக்கம் காய்ந்திருந்தும் மங்கல் போகவில்லையா? அப்படியென்றால் பின்கண்ணாடியிலோ சென்சர் பக்கத்திலோ பனித்திருக்கிறது. அங்கேயே லென்ஸைக் கழற்ற வேண்டாம், இருக்கிற ஈரத்தோடு தூசியும் போகும். வெளியே கொண்டுவந்து காயவிடுங்கள். நிலத்துக்கடியில் லென்ஸ் மாற்றுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது. ஒரு அகல லென்ஸ் போதும்.

வெள்ளை வெள்ளையாய் உருண்டைகள்

"ஆவி விழுந்திருக்கு" என்று இதைப் பார்த்துச் சிலர் சந்தோசப்படுவார்கள். பேய்க்கிணறு இருக்கிற ஊர்க்காரர் நாங்கள், எங்களுக்கு அந்தக் கதை இனிக்கும். ஆனால் அது தூசியும் நீர்த்துளியும். பிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்தால், லென்ஸுக்கு முன்னால் ஒரு முழத்துக்குள் மிதப்பதெல்லாம் அந்த வெளிச்சத்தை நேரே திருப்பி அனுப்பும். கிட்ட இருப்பதால் உருண்டையாகத் தெரியும். பிளாஷைக் கமெராவில் இருந்து கழற்றி, கை எட்டுகிற தூரத்துக்காவது பக்கவாட்டில் கொண்டு போங்கள். இன்னும் நல்லது, தூரத்தில் ஒருவரை நிறுத்தி அவருக்குப் பின்னால் இருந்து அடிப்பது. அப்போது அதே ஈரக்காற்று வெளிச்சத்துக்கு உருவம் கொடுக்கும், படம் எழும்பும்.

மங்கல் மேகம் படத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் என்றால் அது உங்கள் மூச்சு. ஈரம் நிறைந்த இடத்தில் ஆள் விடுகிற மூச்சு கலைய நேரம் எடுக்கும். மூச்சை ஒருபக்கம் விட்டுவிட்டு, பின்னால் ஒரு அடி விலகி, பிறகு அடியுங்கள். தலை ரோச்சையும் அணைத்துவிடுங்கள். நெற்றியில் கிடக்கிற விளக்கு லென்ஸுக்கு மேலே இருந்து நேரே புகைக்குள் அடித்தால் எந்தப் பிளாஷாலும் காப்பாற்ற முடியாது.

தூசி நடந்துவந்த காலில் இருந்து கிளம்பினால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வௌவால் குகையில் அந்தத் தூசி எச்சத் தூசி. நுரையீரலுக்கு நோய் தரும் பூஞ்சை அதில் இருக்கலாம். முகக்கவசம் போடுங்கள். வௌவால்கள் குட்டி போட்டிருக்கும் கூரைக்குப் பிளாஷ் அடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கறுப்புச் சுவர் சாம்பலாய் வருது. வெள்ளைக் குகை அழுக்காய் வருது

இரண்டும் ஒரே காரணம். கமெராவின் ஒளிமானி, தான் பார்ப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு அளக்கும். காரீயச் சுவரைக் காட்டினால் "போதாது" என்று வெளிச்சத்தைக் கூட்டும். சுவர் சாம்பலாகி, விளக்குப் பிடித்தவரின் முகம் வெளுத்துப்போகும். கெருடாவில் சுண்ணக்கல்லைக் காட்டினால் "கூடிப்போச்சு" என்று குறைக்கும். ஆகவே குகையில் பழகிய அதே அமைப்போடு சுரங்கத்துக்குப் போனால் படம் பிழைக்கத்தான் செய்யும். சுண்ணக்கல்லுக்கு ஒரு நிறுத்தம் (ஸ்டொப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி வையுங்கள். காரீயத்துக்கு ஒன்று, ஒன்றரை நிறுத்தம் குறைத்து வையுங்கள். இன்னும் நல்லது, எல்லாவற்றையும் கைமுறைக்கு மாற்றிவிட்டு, பின்திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பார்த்துச் சரிசெய்வது. இருட்டில் பழகிய கண்ணுக்குப் பின்திரை எப்போதும் பிரகாசமாகத்தான் தெரியும், அதை நம்பினால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது எல்லாம் இருண்டு கிடக்கும்.

கறுப்பு மேலும் கறுப்பாக இருந்தால் மட்டும் காரீயம் அழகாகிவிடாது. அந்தக் கல்லில் ஒரு உலோகப் பளபளப்பு உண்டு. நேரே அடித்தால் அது தெரியாது. சுவரோடு ஒட்டியபடி பக்கத்தில் இருந்து வெளிச்சம் உரசிப் போனால்தான் நாளத்தின் ஊசி ஊசியான அமைப்பு வெள்ளி மாதிரித் தெரியும். இலங்கைக் காரீயம் பாறை வெடிப்புகளில் நாளமாக நிரம்பியது; அப்படிப்பட்ட நாளக் காரீயத்தை வணிக அளவில் எடுக்கிற நாடு இது ஒன்றுதான். அவ்வளவு தூரம் போய் அதைத் தட்டையாக எடுத்துக்கொண்டு வருவது அநியாயம்.

பிளாஷ் தன்பாட்டில் அடிக்குது, பற்றரி திடீரென்று இறங்குது

சுண்ணக்கல் குகையில் இது வராது. காரீயம் மின்னைக் கடத்தும். அந்தத் தூசி பிளாஷ் பூட்டுகிற இடத்தின் முனைகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய படையாகப் படிந்தால், முனைக்கு முனை மின் கசிந்து பிளாஷ் நினைத்தபடி அடிக்கும். பற்றரியைக் கழற்றிப் போடுகிற கையிலும் அதுதான் இருக்கும். உங்கள் பெருவிரலைப் பாருங்கள்: ரேகைக்குள் கறுப்பு, மேட்டில் பென்சில் மினுக்கம். அந்த விரலால் லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் எண்கள் மறைந்து வளையம் முழுக்கச் சாம்பல் பூசும்.

துணியால் துடைத்தால் அது போகாது, பரவும். காரீயம் உராய்வு நீக்கியும்கூட. துடைக்கத் துடைக்க வழுக்கி இன்னும் மெல்லிதாகப் படியும். முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். கை ஊதுபந்தால் ஊதி, காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, முனைகளை மட்டும் ஐசோபுரோப்பைல் மதுசாரம் தொட்ட பஞ்சுக் குச்சியால், ஒரு குச்சிக்கு ஒரு இழுவை என்று துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரத்தோடு தூசி ஒட்டும். உள்ளே போகும் முன்பே பிளாஷின் அடியையும் பற்றரி மூடியையும் மின்தடை ரேப்பால் சுற்றிவிட்டால் இவ்வளவு வேலை இல்லை.

அதே வழுக்கல் காலுக்கும் உண்டு. காரீயத் தூசி படிந்த சாய்வான பாறையில் ஈரமும் சேர்ந்தால் எந்தச் சப்பாத்தும் பிடிக்காது.

தூரத்துப் பிளாஷ் அடிக்கேல்லை

ஒளியால் தூண்டப்படும் பிளாஷ், வளைவுக்கு அப்பால் உங்கள் வெளிச்சத்தைப் பார்க்காது. வானொலித் தூண்டி பாறை மூலையில் திணறும். புது பற்றரி, புது அலைவரிசை என்று அரை மணித்தியாலம் மினக்கெடாதீர்கள். தூண்டியே வேண்டாம்.

கமெராவை முக்காலியில் வைத்து, பல்ப் முறைக்கு (நீங்கள் விடும்வரை மூடி திறந்தே இருக்கும் முறை) மாற்றி, எல்லா விளக்கையும் அணைத்து, கமெராவின் மூடியை (ஷட்டர்) திறந்துவிடுங்கள். முழு இருட்டில் திறந்திருக்கிற கமெராவுக்கு எதுவும் பதியாது. வளைவுக்கு அப்பால் நிற்பவருக்குக் குரல் கொடுங்கள்: "தம்பி, அடி!" அவர் கையால் அழுத்துவார். "இன்னும் ரெண்டடி வலப்பக்கம், சுவரைப் பார்த்து... அடி!" எஃப் 8, ஐஎஸ்ஓ 400 இல் தொடங்கிப் பாருங்கள். ஒரே பிளாஷால் நீளப் பாதை முழுவதையும் பகுதி பகுதியாக வெளிச்சமாக்கலாம். அடிக்கிறவர் தன் உடம்பால் பிளாஷைக் கமெராவுக்கு மறைக்க வேண்டும், அடித்த பிறகு ரோச்சைப் போடாமல் நகர வேண்டும். போட்டால் வெள்ளைக் கோடு விழும். ஆனால் இருட்டில் ஆள் நகர்வதென்றால் அந்தத் தரையை முதலில் வெளிச்சத்தில் நடந்து பார்த்திருக்க வேண்டும். குழி உள்ள இடத்தில் இந்த முறை கூடாது.

ஆள் இரண்டாகத் தெரிகிறார் என்றால் அவர் இரண்டு அடிக்கு நடுவில் அசைந்திருக்கிறார். 1861 இல் பாரிஸ் நிலவறைகளை மின்வில் விளக்கால் படம் பிடித்த நாடார் என்ற பிரெஞ்சுக்காரருக்கு ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை தேவைப்பட்டது. அவ்வளவு நேரம் எவர் ஆடாமல் நிற்பார்? தொழிலாளியின் உடுப்புப் போட்ட பொம்மைகளை நிறுத்தினார். உங்களுக்குப் பொம்மை வேண்டாம், ஆளுக்கு ஒரு அடி மட்டும் விழுகிறமாதிரிப் பாருங்கள். ஆளே இல்லாமல் எடுத்தாலோ அளவு தெரியாது. ஐந்து மீற்றர்க் கூரையும் எலி வளையும் படத்தில் ஒன்றுதான்.

சில்லறைப் பிழைகள்

போகஸ் முன்னும் பின்னும் ஓடுதா? பொருளுக்கு ரோச் அடித்துப் பிடித்துவிட்டு, கைமுறைக்கு மாற்றி, வளையத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டுங்கள். வரிவரியாய்க் கோடு விழுந்தால் எல்ஈடி ரோச்சை மங்கலாக்கி வைத்திருக்கிறீர்கள். அது வேகமாக அணைந்து எரிந்துதான் மங்குகிறது. முழு வெளிச்சத்துக்கு வையுங்கள், மின்னணு மூடியை விட்டு இயந்திர மூடிக்கு மாறுங்கள். ஒரு சுவர் நீலம், மற்றது மஞ்சள் என்றால் இரண்டு வகை விளக்கைக் கலந்துவிட்டீர்கள், ஒன்றை அணையுங்கள். படம் எடுத்த பிறகும் கமெரா கனநேரம் உறைந்து நிற்கிறதா? அது நீண்ட வெளிப்பாட்டு இரைச்சல் நீக்கி, எடுத்த அளவு நேரம் இன்னொரு முறை எடுக்கும். பழுது அல்ல.

தரை கண்ணாடி மாதிரி, படத்தில் நல்ல வடிவாய் இருக்கு

இந்த முறைப்பாட்டோடு ஒருவரும் வருவதில்லை, பாராட்டாகத்தான் காட்டுவார்கள். ஆனால் எனக்கு வயிறு கலங்குகிற படம் இதுதான். அசையாத தெளிந்த தண்ணீருக்கு இருட்டில் மேற்பரப்பே தெரியாது. ரோச் வெளிச்சம் நேரே அடிக்குப் போய், அரை அடி ஆழமான தரை மாதிரிக் காட்டும். கூரையில் இருந்து ஒரு சொட்டு விழுந்து வளையம் விரியும்போதுதான் அது தண்ணீர் என்று தெரியும். காரீய நாளங்கள் செங்குத்தாகச் சரிந்து இறங்குபவை. நாளத்தைத் தொடர்ந்து வெட்டியவர்கள் நடைபாதையின் நடுவிலேயே கீழே இறங்கியிருப்பார்கள். வேலை நின்று பம்பை நிற்பாட்டியதும் அந்தக் குழி நிரம்பிவிடும். படத்தில் கூரை தலைகீழாகத் தெளிவாய்த் தெரிந்தால் அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று கல் கட்டிய கயிற்றை விட்டுப் பார்க்காமல் ஒரு அடியும் வைக்காதீர்கள்.

தண்ணீர் இல்லாத தரையிலும் ஏமாற்று உண்டு. குழிக்கு மேல் மரம் பரப்பி, அதன்மேல் கழிவுக் கல்லைக் கொட்டியிருப்பார்கள். மேலே கல், கீழே உக்கிய மரம், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கோலால் தட்டினால் வெறுமையாய்ச் சத்தம் கேட்கும். கேட்காவிட்டாலும் சுவரோரமாக நடப்பதே நல்லது. மரமுட்டைத் தொட்டுப் படம் எடுக்க வேண்டாம், அதில் பையைக் கொழுவவும் வேண்டாம்.

ஊராக்கள் மறிக்கினம், பொலிஸ் வருது

இரவில், விளக்கோடு, மண்வெட்டி அளவு நீளப் பையோடு காட்டுக்குழிக்குள் இறங்குபவர்களைப் பார்த்தால் இந்த நாட்டில் முதலில் வருகிற சந்தேகம் புதையல். அவர்களில் பிழையில்லை. பகலில் போங்கள், காணிக்காரரிடம் முதலில் போய்க் கதையுங்கள், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். கனிப்பொருள் விடயங்கள் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வருபவை. அனுமதிப்பத்திரம் உள்ள இடமென்றால் வைத்திருப்பவரின் எழுத்து அனுமதி வேண்டும். ஞாபகத்துக்கு என்று ஒரு காரீயக் கட்டியைப் பையில் போட்டால் பிறகு "படம் மட்டும்தான் எடுத்தோம்" என்று சொல்ல முடியாது.

ஊரில் பழகுகிறவர்களுக்கும் ஒன்று. வலிகாமம் வடக்கில் பழைய கல்லெடுத்த குழிகள் பல வருசம் ஆட்கள் போகாத நிலத்தில் கிடந்தவை. மண்டையோடு கீறிய சிவப்புக் கண்ணிவெடிப் பலகை தெரிந்தால் திரும்புங்கள். பலகை தெரியாவிட்டாலும், பக்கத்துக் காணிக்காரர் தோட்டம் செய்யாத துண்டில் கால் வைக்காதீர்கள்.

படத்தைப் போட்டவுடன் "இடம் எங்க அண்ணை?" என்று கேட்டு நிறையுது

இடத்தைச் சொல்ல வேண்டாம். மாவட்டம் போதும். நீங்கள் சொல்லாவிட்டாலும் கைத்தொலைபேசிப் படம் சொல்லிவிடும், கோப்புக்குள் இடக்குறி இருக்கும். கமெரா அமைப்பில் இடம் பதிவதை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மறந்துவிட்டால் ஏற்றுமுன் கோப்பின் விபரத்தில் இருந்து அதை அழியுங்கள். வாசல் தெரிகிற படத்தில் பின்னால் கோவில் மணிக்கூண்டோ கோபுரமோ விழுந்திருந்தால் வெட்டிவிடுங்கள். கேட்கிறவர் தெரிந்தவர், மானியும் கயிறும் வெளியில் நிற்க ஆளும் வைத்திருப்பவர் என்றால் போன் எடுத்துக் கதையுங்கள். பள்ளிக்கூடப் பெடியன் கேட்டால் நிலாவரைக்குப் போகச் சொல்லுங்கள். வேலிக்கு இந்தப்பக்கம் நின்றே, தண்ணீரில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று அங்கே நன்றாகப் பழகலாம்.